நின்று எடுப்பதும் நடந்து எடுப்பதும்

பால்மரக் காட்டில் வெட்டுக்காரர் ஒரு மரத்தடியில் அரை நிமிடம்கூட நிற்பதில்லை. முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுப்பார். உளியைக் கோட்டில் வைத்துப் பட்டையை மெல்லிய சுருளாக இழுப்பார். பால் சேரும் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் ஓட்டம் சுருங்கிவிடும். ஒரு நிரையில் இருக்கும் நானூறு, ஐந்நூறு மரத்தையும் அதற்குள் முடித்தாக வேண்டும். எடைக்குத்தான் காசு. இப்படிப்பட்டவரை முக்காலி போட்டு, ஒளி அளந்து, நிதானமாகப் படம் பிடிக்க வேண்டுமென்றால் அவரை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் பிடிக்க வேண்டுமென்றால் நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் கூடவே ஓடி, கேட்காமல் கொள்ளாமல், கிடைத்ததைப் பிடிக்க வேண்டும்.

படக்கலை பற்றி எழுதுகிறவர்கள் இவை இரண்டையும் இரண்டு சுபாவங்களாகப் பேசுவது வழக்கம். ஒருவர் துறுதுறுப்பானவர், சின்னக் காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவார். மற்றவர் நிதானி, கனமான காமிராவை முக்காலியில் ஏற்றிவிட்டு மேகம் விலகக் காத்திருப்பார். உனக்கு எது ஒத்துவருகிறதோ அதைப் பழகு, முடிந்தால் இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்துகொள் என்பதுதான் எங்கும் கிடைக்கும் அறிவுரை. மலேசியாவின் நீலாய் வட்டாரத் தோட்டங்களில் சனி ஞாயிறு காமிராவோடு சுற்றும் என்னைப் போன்றவனுக்கு அது அரைகுறையாகத்தான் உதவுகிறது. எடுப்பவனின் நேரத்தை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளும் அறிவுரை அது. படத்தில் நிற்கிறவருக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. வேகமாக எடுப்பவன் அவருடைய சம்மதத்தைத் தாண்டிப் போகிறான். மெதுவாக எடுப்பவன் அவருடைய பொழுதைச் செலவழிக்கிறான். பெரட்டுக்கு வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, அரைநாள் முழுநாள் என்று பொழுதை அளந்தே கூலி போட்ட இடத்தில் இரண்டுமே சாதாரண விஷயமல்ல.

முதலில் அந்தச் சுபாவக் கதையைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம். வேகத்துக்கு எல்லாரும் காட்டும் ஆள் பிரான்சின் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். கைக்கடக்கமான லைக்கா, முக்காலி கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. எடுத்த படத்தின் ஓரத்தைப் பிறகு வெட்டுவதும் அவருக்குப் பிடிக்காது. 1952இல் வந்த அவருடைய புத்தகம் இரண்டு மூன்று தலைமுறைப் பத்திரிகைப் படக்காரர்களுக்கு வேதமாக இருந்தது. ஆனால் 1950 ஏப்ரலில் அவர் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் அவை. கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஆசிரமத்தின் பக்கத்திலேயே தங்கி, படங்கள் எடுத்து, ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த வேளையில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் நகர்ந்ததைப் பார்த்ததாகவும் பதிவு செய்திருக்கிறார். மின்னல் வேகத்துக்குப் பேர் போனவர் ஒரே இடத்தில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்தார் என்பதுதான் இதில் நான் கவனிப்பது. விரல் வேகமானது. கால் அங்கேயே கிடந்தது.

எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் அன்செல் ஆடம்ஸ். படத்தின் ஒவ்வொரு சாம்பல் நிறத்தையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு எடுப்பதற்கு ஒரு முறையையே வகுத்தவர். அவருடைய மிகப் பிரபலமான படம், 1941இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்ற கிராமத்தின் மேல் நிலா எழும் காட்சி. அது பதற்றத்தில் எடுத்தது. சாலையில் போகும்போது கண்ணில் பட்டு, காரை ஓரங்கட்டி, பெரிய காமிராவை அவசரமாக ஏற்றினார். ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாச அளவு நினைவில் இருந்தது, அதை வைத்து மனக்கணக்காக ஒரு படம் எடுத்தார். இரண்டாவதற்குத் தயாராகுமுன் கல்லறைச் சிலுவைகள் மேல் விழுந்திருந்த வெயில் போய்விட்டது. பிறகு அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து, பல ஆண்டுகளாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை இருட்டறையில் மாற்றி மாற்றி அச்சிட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய நிதானம் முழுவதும் ஷட்டர் மூடிய பிறகு வந்தது.

ஆக, வேகம் நிதானம் என்பவை ஒரு படத்தின் மூன்று கட்டங்களில் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம்: எடுப்பதற்கு முன், எடுக்கும்போது, எடுத்த பின். எந்தக் கட்டத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்வது ஆளின் சுபாவம் அல்ல, இடம்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் இடத்தைப் பற்றிக் கொஞ்சம்.

நீலாய் நெகிரி செம்பிலானின் வடமேற்கு ஓரம். அந்தப் பக்கம் சிலாங்கூர், இந்தப் பக்கம் லாபு, மந்தின், பத்தாங் பெனார். ஒரு காலத்தில் ரயிலில் போனால் ஜன்னலின் இரண்டு பக்கமும் பால்மரம். பிறகு செம்பனை வந்தது. 1990களில் புது நகர், கல்லூரிகள், மொத்தவிலைக் கடைகள். 1998இல் பக்கத்துச் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்தது. இன்று நீலாயில் தமிழர்கள் அதிகம் இருப்பது தமான்களில். தோட்டத்தில் மிஞ்சியிருப்பவை சில லயங்கள், ஒரு மாரியம்மன் கோயில், எங்காவது ஒரு தமிழ்ப்பள்ளி. லாபுவின் கெர்பி தோட்டப் பெயரைத் தாங்கிய பள்ளியைப் போல, தோட்டம் சுருங்கிய பிறகும் பள்ளி அந்தப் பெயரை விடாமல் வைத்திருக்கும்.

இந்த இடத்தின் ஒளி வேறு மாதிரி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்கும் குறைவு. சூரியன் சரிந்து ஏறாது, நேரே எழும்பும். இங்கிலாந்தில் கோடைகாலத்து அந்தி முக்கால் மணி நேரம் நீளும். இங்கே இருபது நிமிடம் சொச்சத்தில் இருட்டு வெளிச்சமாகிவிடும், வெளிச்சம் இருட்டாகிவிடும். 1982 தொடக்கத்தில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்ததால், விடிவது ஏழு மணியை ஒட்டித்தான். ஆனால் வெட்டுக்கு இறங்குகிறவர்கள் இருட்டிலேயே இறங்கிவிடுவார்கள். எட்டு எட்டரைக்கெல்லாம் வெயில் கொதித்து, மரத்தடி நிழலும் திறந்தவெளியும் ஒரே படத்துக்குள் அடங்காது. நிதானமாகப் படமெடுப்பதைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் நீண்ட அந்தியுள்ள நாட்டில் எழுதப்பட்டவை. இங்கே நிதானக்காரன் முதல் நாளே இடம் பார்த்து, முக்காலி எங்கே நிற்கும் என்று கல்லால் அடையாளம் வைத்துவிட்டு, மறுநாள் அந்த இருபது நிமிடத்தில் ஓட வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கினால் லென்ஸில் ஆவி படிந்து நல்ல ஒளியில் பாதி அதைத் துடைப்பதிலேயே போய்விடும் என்பதால், ஜன்னலைத் திறந்து வைத்தபடி வண்டி ஓட்டுவதும் இங்கே நிதானத்தின் ஒரு பகுதி. காற்றின் ஈரத்துக்கு லென்ஸின் உள்ளே காளான் பிடிப்பது தனிக்கதை.

காமிரா மெதுவாக இருந்த காலத்தில் தோட்டத்துக்கு அதனால் என்ன கிடைத்தது? மேடானிலிருந்து இயங்கிய ஜெர்மானியப் படக்காரர் கிளெய்ன்குரோத்தே, 1907ஐ ஒட்டி மலாய்த் தீபகற்பத்தைப் பற்றி ஒரு பெரிய படத்தொகுப்பு வெளியிட்டார். ரயில், ஈயச் சுரங்கம், தோட்டம் எல்லாம் அதில் வரும். கண்ணாடித் தகட்டில், முக்காலியில், அமைதியாக எடுத்த அற்புதமான ஒளிப்படங்கள். அந்தக் காலத்துத் தோட்டப் படங்களைப் பொதுவாகப் பார்த்தால் ஒன்று புரியும். மரம் எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன் என்று காட்ட அதன் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருப்பார்கள். அந்த ஆள் அளவுகோல். அசையாமல் நின்றிருக்கிறார், அசைந்தால் படம் கலங்கும். எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னார்கள், யார் சொன்னார்கள் என்பதெல்லாம் படத்தில் இல்லை, ஆனால் துரை சொல்லாமல் அவர் அங்கே நின்றிருக்க மாட்டார். மெதுவாக எடுத்தாலே மரியாதையாக எடுத்தது ஆகிவிடும் என்று இப்போது சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு அந்த அளவுகோல் மனிதர்தான் கண்முன் வருவார்.

வேகமான காமிராவும் யோக்கியமாக இருந்துவிடவில்லை. 1948இல் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானதும் பன்னிரண்டு வயது தாண்டிய எல்லாருக்கும் அடையாள அட்டை என்று பதிவு நடந்தது. படமும் கைரேகையும் கட்டாயம். தோட்டம் தோட்டமாக ஆட்களை வரிசையில் நிறுத்தி எடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் காமிரா முன் நின்றவர்கள் அந்த வரிசையில் ஏராளமாக இருந்திருப்பார்கள். நம் தாத்தா பாட்டிகளில் பலருக்கு இளவயதுப் படம் என்று மிஞ்சியிருப்பதே அட்டைக்கு எடுத்த அந்த அளவுதான். பிற்பாடு வீட்டில் யாரோ அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, சட்டைக்கு வர்ணம் பூசி, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். இப்படி ஒரு நொடியில் பறித்த படம் குடும்பத்தின் கையில் பல வருட நிதானத்தைச் சம்பாதித்துக்கொண்டது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கு ஒரு முடிவு கிடையாது.

ஒரே கையில் இரண்டு வேகத்தையும் பார்க்க வேண்டுமென்றால் நெகிரி செம்பிலானை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. சிம்ரின் கில், 1959இல் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்தவர், இன்றும் சிட்னிக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே வாழ்கிறவர். 2013இல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் ஆஸ்திரேலிய அரங்கு அவருடையது. அவருடைய இரண்டு தொகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று 2001இல் செய்த ‘டாலாம்’. எட்டு வாரம் தீபகற்பம் முழுக்கச் சுற்றி, முன்பின் தெரியாத வீடுகளின் கதவைத் தட்டி, உங்கள் வரவேற்பறையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். 250க்கும் மேற்பட்ட வீடுகள். மனிதர்கள் யாரும் படத்தில் இல்லை. சோபா, தொலைக்காட்சி, சாமிப் படம், காலண்டர், பிளாஸ்டிக் பூ, பட்டமளிப்புப் புகைப்படம். எந்தக் கதவு திறக்கும், உள்ளே என்ன இருக்கும் என்று எதுவும் முன்கூட்டித் தெரியாது. அடுக்கி வைக்கவோ ஒளி கூட்டவோ பெரிதாக இடமில்லை. இது வேகத்தின் பக்கம் வரும் வேலை.

இன்னொன்று 2007 முதல் 2009 வரை செய்த ‘மை ஓன் பிரைவேட் அங்கோர்’. போர்ட்டிக்சனில் கட்டி முடித்தும் குடிவராமல் கைவிடப்பட்ட ஒரு வீடமைப்பு. அலுமினியச் சட்டத்துக்காக ஜன்னல்களைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள் கண்ணாடியை மட்டும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வெறும் அறை, ஈரம் பூத்த சுவர், சாய்ந்து நிற்கும் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் ஒளி. எல்லாம் கறுப்பு வெள்ளை. திரும்பத் திரும்பப் போய், அறை அறையாக எடுத்தது. இது நிதானத்தின் உச்சம்.

இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் என் ஓட்டு ‘டாலாமு’க்கு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது தரத்தை அல்ல. குடியிருக்கும் வீட்டுக்குள் அவர் கதவைத் தட்டிக் கேட்டு நுழைகிறார், படத்தை எடுக்கிறார், வீட்டுக்காரரின் மாலைப்பொழுதைத் தின்னாமல் கிளம்பிவிடுகிறார். யாருமே இல்லாத வீட்டில் மாதக்கணக்காக நின்று எடுக்கிறார், அங்கே யாருடைய பொழுதும் கெடவில்லை. ஆள் இருக்கும் இடத்தில் சுருக்கம், ஆளில்லாத இடத்தில் விரிவு. அவர் இப்படி யோசித்துத்தான் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். இரண்டு தொகுப்பையும் சேர்த்துப் பார்க்கிற எனக்கு அந்தப் பங்கீடு நியாயமாகத் தெரிகிறது.

அந்தப் பங்கீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நீலாய்த் தோட்டத்தில் நட்டால் வேர் பிடிக்குமா என்றால், முழுக்கப் பிடிக்காது.

மனிதர்களை எடுத்துக்கொள்வோம். இன்று செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, முதலில் மட்டையை இழுப்பார்கள், பிறகு குலை. பத்து இருபது கிலோ குலை மண்ணில் விழும் அந்த நொடி எந்தப் படக்காரனுக்கும் ஆசை காட்டும். வேகமாகத்தான் எடுக்க முடியும். ஆனால் அந்த முகம் கைப்பேசிகளில் சுற்றினால் என்னாகும்? பெர்மிட் முடிந்தவர் இருக்கலாம், ஒரு தோட்டத்தில் பதிந்துவிட்டு வேறு தோட்டத்தில் வேலை செய்கிறவர் இருக்கலாம். எடுத்தவனுக்கு அது ஒரு நல்ல படம், அவருக்குக் குடிநுழைவு அதிகாரியின் கதவுத் தட்டல். எனவே இங்கே வேகத்துக்கு முன்னால் ஒரு நிதானம் கட்டாயம்: காமிராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பேசுவது, ஒரு தே ஓ குடிப்பது, மண்டோரிடம் சொல்வது, அடுத்த வாரம் மறுபடி போவது. அதற்குப் பிறகு எடுக்கும்போது நொடிதான், அவர் கழியைக் கீழே வைக்க வேண்டியதே இல்லை. கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் கிடந்ததும் இந்த வகைதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வெட்டுக்காரரை நிறுத்தாமல் நிதானமாக எடுக்க ஒரு வழி உண்டு. முக்காலியில் காமிராவை வைத்து, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவிட்டால் போதும். மரங்கள் கூர்மையாக விழும். அவர் வேலை பார்த்தபடி நகர்ந்துகொண்டே போவார். படத்தில் ஆள் இருக்க மாட்டார், அவருடைய நெற்றிவிளக்கு மரத்துக்கு மரம் தாவிய கோடு மட்டும் வளைந்து வளைந்து இருக்கும். பொழுதும் கெடவில்லை, முகமும் வெளியே போகவில்லை. இந்த வகைப் படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு காலத்தில் அதையே எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பர் கேட்டார்: “ஏன்லா, உன் படத்துல மரத்துக்கெல்லாம் மொகம் இருக்கு, மனுசனுக்கு மட்டும் இல்ல?” நூறு வருடத்துக்கு முன் ஆளை அளவுகோலாக்கினார்கள், நான் அவரை ஒரு கோடாக்கிவிட்டேன் என்று அவர் சொல்லவருவது புரிந்தது. அதற்கும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் படங்களை நான் ஒதுக்கிவிடவில்லை, முகமுள்ள படங்களோடு சேர்த்து வைத்தால்தான் அவற்றைக் காட்டுகிறேன்.

திருவிழா வேறு கணக்கு. தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதி என்றால் நீலாயிலிருந்து மட்டுமல்ல, செரம்பானுக்கும் கிள்ளானுக்கும் குடிபெயர்ந்துவிட்ட பழைய தோட்டத்தார் எல்லாம் வந்துவிடுவார்கள். பார்க்கப்படவே எல்லாரும் வருகிறார்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பா, ஜரிகைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கஞ்சி ஊற்றும் அக்கா, கைப்பேசியில் அரங்கேறும் குடும்பச் சண்டை. இங்கே முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் இடைஞ்சல். நடந்துகொண்டே எடுப்பதுதான் இந்த இடத்துக்கு ஏற்ற முறை, கூட்டத்தின் ஓட்டத்துக்கு எதிராகப் போகாமல் அதோடு போனால் படமும் நன்றாக வரும். ஒரே ஒரு விலக்கு. அருள் வந்து ஆடுகிறவரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பூசாரி என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னார்: “சாமி எறங்கட்டும் தம்பி. அப்பறம் அந்தம்மாகிட்ட கேட்டுட்டு எடு. இப்ப கேட்டா யாருகிட்ட கேப்ப?” சம்மதத்தைப் பற்றி இதைவிடச் சரியாகக் கேட்ட கேள்வி வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

இடங்களை எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ். கட்டடமும் மரமும் பொறுமையானவை, அவற்றை நின்று நிதானமாக எடுக்கலாம் என்பது பொதுப்புத்தி. போர்ட்டிக்சனின் கைவிட்ட வீடுகளுக்கு அது பொருந்தியது, அவற்றை இடிக்கக்கூட யாருக்கும் அக்கறை இல்லாததால். நீலாய் வட்டாரத்தில் நிலத்துக்கு விலை உண்டு. லயம் காலியாகிறது என்ற பேச்சு காதில் விழுந்தால், அடுத்த வாரம் நல்ல மேகம் இருக்கும்போது போகலாம் என்று ஒத்திவைக்க முடியாது. ஓடு இறங்கிவிடும், கதவும் ஜன்னலும் போய்விடும், ஒரு காலையில் கனரக இயந்திரம் வந்து நிற்கும். கோயில் மட்டும் கொஞ்சநாள் தனியாக நிற்கும், பிறகு அதுவும் வேறு மனைக்கு மாறும். ஆயக்கொட்டகையைப் படமாக வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் பால் வெட்டப் போனார்கள். எல்லாருக்கும் நினைவிருக்கிறது, படம் யாரிடமும் அவ்வளவாக இல்லை. நிதானக்காரர்கள் அழகான மரத்துக்காகக் காத்திருந்தார்கள், வேகக்காரர்கள் ஆட்களைத் தேடிப் போனார்கள். கொட்டகை இருவர் கண்ணிலும் விழவில்லை. இடத்துக்கு முன்னால் வேகமாகப் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்தபின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

மரமும் அப்படித்தான். பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். பச்சை மஞ்சளாகி, செம்பழுப்பாகி, வெறும் கிளையாகி, செப்பு நிறத்தில் தளிர் விடும். ஏறக்குறைய நான்கு பருவமுள்ள நாட்டுக் காடு மாதிரி ஒரு வேடம். அந்த வேடம் சில நாளில் கலைந்துவிடும், நடுவில் ஒரு நல்ல மழை அடித்தால் இன்னும் சீக்கிரம். இதற்கு ஏற்றதாக எனக்கு அமைந்தது இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்கும் பழைய இரட்டை லென்ஸ் காமிரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம், அதனால் கை தானாக அடங்கும். ஆட்களை எடுக்கும்போதும் அதில் ஒரு வசதி உண்டு: முகத்தைக் காமிராவால் மறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நம் தலை குனிந்திருக்கும், எதிரில் நிற்பவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். லயத்துப் பாட்டி ஒருத்தர் அதைப் பார்த்துவிட்டு, “என்னாய்யா, பொட்டிக்குள்ள எதயோ தேடுற?” என்று சிரித்தார். சிரித்த அந்தப் படம் கிடைத்தது. டிஜிட்டலில் ஒரு நொடியில் பத்துப் பதினைந்து படம் தட்டும் வேகம் இருந்தும் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

எடுத்த பின்னால் வரும் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே யாருடைய பொழுதையும் நாம் தின்னவில்லை, நம்முடையதைத் தவிர. நியூயார்க் தெருக்களைச் சுட்டுத் தள்ளிய கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, எடுத்துவிட்டுக் கழுவாமலே விட்ட ஃபிலிம் சுருள்கள் மட்டும் 2,500க்கு மேல் இருந்தன. எடுத்த நாளின் உற்சாகம் தேர்வைக் கெடுக்கக்கூடாது என்று ஃபிலிமை வேண்டுமென்றே ஊறப்போடும் பழக்கமும் அவருக்கு இருந்தது. பினாங்கின் இஸ்மாயில் ஹஷிம் (1940–2013) வேறு ஒரு நிதானம்: சைக்கிளும் முடிதிருத்தும் கடையும் போன்ற அன்றாடக் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, அச்சிட்ட பிறகு கையால் வர்ணம் தீட்டுவார். நம் வீடுகளில் அடையாள அட்டைப் படத்துக்குச் சட்டை வர்ணம் பூசிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர்களின் தொழிலைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் என்று அவரைச் சொல்லலாம். வேகமாக எடுத்ததை மெதுவாகத் தேர்ந்தெடுப்பது என்ற ஒன்றை மட்டும் நான் கடைப்பிடிக்கிறேன். தீமிதிப் படங்களை அடுத்த தீமிதி நெருங்கும்போதுதான் உட்கார்ந்து பார்ப்பேன். கேட்டவர்களுக்கு அவரவர் படத்தை உடனே கொடுத்துவிடுவேன், அதில் ஊறப்போடும் பேச்சே இல்லை.

கொடுக்கும்போதுதான் இன்னொரு சங்கதி வெளிப்படும். நான் நல்லது என்று நினைப்பதும் அவர்கள் எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. சிரித்த படம் எனக்கு உயர்வு. அந்தப் பாட்டிக்கு, பிற்பாடு நாற்காலியில் நேராக உட்கார வைத்து, முந்தானை சரிசெய்து, சுவரைப் பின்னால் வைத்து எடுத்ததுதான் படம். சிரித்ததைப் பேத்தி கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டாள். வேகமும் நிதானமும் எந்த விகிதத்தில் என்ற சர்ச்சையை ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு தலைமுறை இப்படிப் பிரித்துக்கொண்டது.

லோம்போக்கிலிருந்து வந்த ஒரு குலைவெட்டுக்காரர் விஷயத்தில் எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனது. வேலை செய்யும்போது எடுத்த படத்தை அவரிடம் காட்டினேன். கழி, அரிவாள், பாதியில் விழும் மட்டை, எல்லாம் அமைந்த படம். பார்த்துவிட்டு, இது வேண்டாம், ஊருக்கு அனுப்ப ஒன்று எடுத்துக் கொடு என்று மலாயில் கேட்டார். குளித்து, தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வரும்வரை லயத்து வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன்; அன்றைக்குச் செலவானது என் பொழுது. மோட்டார் சைக்கிளைத் துடைத்து நிறுத்தினார். ஒரே ஒரு நிபந்தனை: படத்தில் செம்பனை தெரியக்கூடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை நிற்கும் காட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு அதைக் கேட்டார். கோயில் மதிற்சுவரோரம் நிறுத்திப் பார்த்தோம், மேல் ஓரத்தில் ஒரு மட்டை எட்டிப் பார்த்தது. கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதை வெட்டிவிட்டு அனுப்பச் சொன்னார். வெட்டித்தான் அனுப்பினேன்.